கதவுக்கு இந்தப் பக்கம்

நாயை எப்படி இறக்குவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

கொழுந்தனார் கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டினார். மூட்டை உறுமவில்லை, பல்லைக் காட்டவும் இல்லை. கட்டிலில் மல்லாந்து கிடந்த மாஸ்டரின் நெஞ்சுக்குக் குறுக்கே படுத்தபடி கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தது. நல்ல கனமான நாய். மூட்டை என்று பேர் வைத்ததே அதனால்தான். எதிர்வீட்டுக்காரர் பிஸ்கட் டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். காது அசைந்தது, உடம்பு அசையவில்லை. டாக்டர் பையை இறக்கி வைக்காமல் கதவோரம் நின்றிருந்தார்.

"அண்ணி, நீங்க சொன்னா கேக்கும். ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் கால்மாட்டில் நின்றிருந்தாள். கழுத்தில் தையல் டேப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னாள்.

"வந்துட்டேன்."

மூட்டை அவளைப் பார்த்தது. பிறகு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தது. முகவாயைத் திரும்ப அவர் தோளில் வைத்துக்கொண்டது.

அந்த வார்த்தையை அடியில் படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். பாடமே அதுதான். போர்முனையிலிருந்து திரும்பி வந்தும் தூக்கத்தில் இன்னும் திரும்பாதவர்களுக்கு நாய் பழக்கிக் கொடுப்பது மாஸ்டரின் தொழில். அவர்கள் கனவில் முனக ஆரம்பித்ததும் நாய் ஏறி வந்து நெஞ்சின் மேல் படுக்க வேண்டும். அந்தக் கனத்தில் ஆள் விழித்து, நாயின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டி, "வந்துட்டேன்" என்று சொன்னால்தான் இறங்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர்கள் தலைகீழாக நின்றாலும் இறங்கக் கூடாது. வீட்டு மனிதர்கள் பதறிப்போய் நாயைப் பிடித்து இழுத்துப் போட்டுவிடுவார்கள், ஆள் பாதிக் கனவிலேயே தொங்குவான் என்பார் மாஸ்டர்.

"அந்த வார்த்தையையும் ஒரேயடியா நம்பக் கூடாதுன்னு இவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்று போன வாரம்கூடப் பீற்றிக்கொண்டார். "பட்டாளத்துக்காரனை எப்பக் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்'னுதான் சொல்லுவான். நாய் மூச்சைப் பாக்கணும். மூச்சு நெதானத்துக்கு வந்தாத்தான் எறங்கணும்."

"பொண்டாட்டியைவிட நாய்க்கு வெவரம் ஜாஸ்தின்னு சொல்ல வர்றீங்க."

"அதை என் வாயால வேற சொல்லணுமா?"

கடைசியில் மூன்று ஆண்களும் சேர்ந்து போர்வையைச் சுற்றித் தூக்கினார்கள். மூட்டை திமிறவில்லை. தூக்குகிற வேகத்தில் அதன் கழுத்து வாரில் மாட்டி மாஸ்டரின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அவள் குனிந்து தேடி எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். தைத்துவிடலாம் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று உறைத்தது.

டாக்டர் பார்த்தார். இதயம்தான் என்றார். உயிர் போய் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதைத் தணிந்த குரலில் கொழுந்தனாரிடம் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"பக்கத்துல யாரும் இல்லையாம்மா?"

"நான் ஹால்ல தைச்சிட்டு இருந்தேன்."

"சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கொழுந்தனார் முந்திக்கொண்டார். "மிஷின் ஓடுற சத்தத்துல என்னங்க கேக்கும், டாக்டர்? அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்."

டாக்டர் தலையாட்டினார். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தப் பேச்சு தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் யாராவது ஒருவர் சொன்னார்கள். மிஷின் ஓடிட்டு இருந்துச்சாம், கேக்கலையாம். வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவள் கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கியா? ஏதாச்சும் குடிச்சியா?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்," என்றாள்.

மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவளுக்குக் கேட்டது.

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மாஸ்டர் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நாய் ஒரு மூலையில் இருக்கும். அவர் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக் கெட்ட கனவு காண ஆரம்பிப்பார். முனகுவார், பல்லைக் கடிப்பார், குதிகாலால் கட்டில் சட்டத்தை உதைப்பார். அதில் அவர் கெட்டிக்காரர். குடிவந்த புதிதில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, உள்ளே யார் யாரை அடிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். "என் பொண்டாட்டிதாங்க. வெளிய சொல்லிடாதீங்க," என்று மாஸ்டர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொல்ல, அந்த மனுஷன் ரொம்ப நாள் அவளைப் பார்த்தால் ஒதுங்கிப் போனார்.

முதல் வருஷம் ஒரு நாள், நாடகம் என்று தெரிந்திருந்தும், சத்தம் தாங்காமல் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பொத்தான் என்ற நாய் அப்போது. (சட்டி, சாவி, பொத்தான் என்று வீட்டுச் சாமான் பெயராகத்தான் வைப்பார்.) பொத்தான் பாதியில் இறங்கி வாலாட்டிக்கொண்டு அவளிடம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது ஒவ்வொரு தடவையும் யாராவது வருவார்களா என்று கதவையே பார்க்க ஆரம்பித்தது. ஒரு மாத உழைப்பு மண்ணாய்ப் போயிற்று. மாஸ்டர் அவளிடம் குரல் உயர்த்தியது கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஒரு தடவைதான்.

"என் உயிரே போற மாதிரி கத்தினாலும் நீ உள்ள வரக் கூடாது. புரியுதா? நீ வந்தா நாய் கெட்டுப்போயிடும்."

அவளுக்கு ரோஷம் அதிகம். அன்றோடு அந்தக் கதவைத் தொடுவதை விட்டாள். போகப்போக அந்தச் சத்தம் குழாய்ச் சத்தம், தெருச் சத்தம் போல ஆகிவிட்டது. நாய்களுக்கான மேலங்கிகளை அவள்தான் தைப்பாள். உள்ளே அவர் முனகுவார், வெளியே அவள் மிதிப்பாள். பழகாத நாய் நடுவில் அலுத்துப்போய்க் கதவைச் சுரண்டினால், இருந்த இடத்திலிருந்தே, "போ, போய் வேலையைப் பாரு," என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரலுக்கு எல்லா நாயும் கட்டுப்படும். நாய்ப் பயிற்சியில் அவள் பங்கு அவ்வளவுதான், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நேற்று, அவர் போன மதியம், மூட்டைக்கு ஒப்படைப்பு மேலங்கி தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் நாயை ஒரு பட்டாளத்துக்காரரிடம் கொடுக்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவி வந்த மாஸ்டர் துணியைப் புரட்டிப் பார்த்தார்.

"வயித்துப் பட்டைக்கு ரெட்டைத் தையல் போடும்மா. இவன் இழுத்தான்னா பிஞ்சிடும்."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க நாடகத்துக்கு நேரமாச்சு, போங்க."

போனார். கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முனகல் ஆரம்பித்தது. குதிகால் கட்டிலை உதைத்தது. இன்று ஜோராக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு கதவு சுரண்டுகிற சத்தம். மூட்டை சுரண்டி ரொம்ப மாதமாகிறது. அடுத்த வாரம் போகப்போகிற நாய்க்கு இப்போது என்ன கேடு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. விடாமல் சுரண்டியது. ஒரு தடவை குரைத்தது.

"மூட்டை! போ, போய் வேலையைப் பாரு!"

சுரண்டல் நின்றது. நகங்கள் தரையில் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. சொன்னதைக் கேட்கிற நாய் என்று திருப்திப்பட்டுக்கொண்டு அவள் மிஷினை மிதித்தாள். நடுவில் அவர் அவளைக் கூப்பிட்டாரா என்பதுதான் தெரியவில்லை. நேற்றிலிருந்து அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்க் காதை வைத்துக் கேட்கிறாள். அங்கே மிஷின்தான் ஓடுகிறது.

உள்ளே சத்தம் அடங்கியதும், அசதியில் அப்படியே தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். அப்படித் தூங்குவது உண்டு. எழுப்ப வேண்டாம் என்று பட்டையை முழுக்க முடித்து, நூலை அறுத்து, அதற்குப் பிறகுதான் டீ போட்டு எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

மகள் விடியற்காலை வந்து சேர்ந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவள் நேராக ஓடி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கடைசியா உன்கிட்ட என்னம்மா சொன்னாரு?"

"ரெட்டைத் தையல் போடச் சொன்னாரு."

மகள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "அப்பா மாதிரிதான் இருக்கு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டருக்கு ஃபோன் பண்ணினேன். உடனே பாத்திருந்தா பொழைச்சிருப்பாரான்னு கேட்டேன். சொல்ல முடியாதுங்கிறாரு," என்றாள்.

"ம்."

"மிஷின் ஓடிட்டு இருந்துச்சுன்னு சித்தப்பா சொன்னாரு. நீ அதையே நெனச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதம்மா."

"ஒண்ணுமில்ல. நான் நல்லா இருக்கேன்."

முற்பகலில் வண்டி வந்தது, மாஸ்டரை எடுத்துப் போனார்கள். அவர் போன பிறகு கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கொழுந்தனார் கொல்லைக் கதவைத் திறந்து, நேற்று அங்கே அடைத்த மூட்டையை உள்ளே விட்டார். அது நேராக ஹாலைத் தாண்டி அந்த அறைக்குள் போயிற்று. விரிப்பில்லாத மெத்தையில் ஏறி, நேற்று நெஞ்சு இருந்த இடத்தில் குறுக்கே படுத்துக்கொண்டது. தட்டில் வைத்த சோறு காய்ந்தது. தண்ணீர் அப்படியே இருந்தது.

நாய்களை மாஸ்டரிடம் பழக்க விடுகிற பயிற்சி நிலையத்து மேனேஜர் ஃபோனில் வருத்தம் சொன்னார். சொல்லி முடித்ததும் நாயைப் பற்றிக் கேட்டார். கொழுந்தனார் விவரம் சொல்லிவிட்டு வெகுநேரம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"இப்படி ஒரு சாவுல மாட்டின நாய் இனிமே வேலைக்கு ஆகுமான்னு தெரியலையாம், அண்ணி. நாளைக்கு வந்து பாப்பாங்களாம். சாப்பிடாம எறங்காம இப்படியே கெடந்தா, தோட்டக் காவலுக்கு எங்கயாச்சும் அனுப்பிடுவாங்களாம்."

மாஸ்டர் கடைசியாகப் பழக்கிய நாய். ஒன்றரை வருஷ உழைப்பு. நேற்று அவள் போகச் சொன்னாள், அது போயிற்று. போ என்று சொன்னவள் இன்னும் வா என்று சொல்லவில்லை. அது கெட்டுப்போகவில்லை, சொன்ன வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்ல வேண்டும் என்றால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பட்டாளத்துக்காரர் வந்தார். மூட்டைக்காக ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர். பயிற்சிக்காக வாரம் ஒரு முறை வந்துபோய் வீட்டுக்குப் பழக்கமானவர்தான். ஆனால் கூட்டம் ஆகாது. காலையிலேயே வந்து தெருமுனையில் நின்றுகொண்டு, எல்லோரும் போகட்டும் என்று பார்த்திருக்கிறார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், நடை மட்டும் அறுபது. உள்ளே வந்ததும் வழக்கம்போல வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்று சுற்றும் முற்றும் கண்ணை ஓட்டினார். பிறகு அவள் முன்னால் வந்து நின்றார். தொப்பியைக் கையில் சுருட்டினார்.

"உக்காருங்க, தம்பி."

"இருக்கட்டும்மா. அவனைப் பாத்துட்டுப் போறேன்."

அறை வாசலில் அவர் நின்றுவிட்டார். நாயை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். எந்த அறைக்குள் போனாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பார், அது அவருடைய வியாதி. நேற்றிலிருந்து எத்தனையோ பேர் அந்தக் கதவைக் கடந்து போய் வந்தார்கள். அவர்தான் குனிந்து, உட்பக்கத்தில் முழங்கால் உயரத்தில் பெயின்ட் உரிந்து வெள்ளை மரம் தெரிகிற இடத்தை விரலால் தடவினார்.

"இது புதுசு," என்றார்.

அவள் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். மகள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். கொழுந்தனார் யாருக்கோ ஃபோனில் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னைக் கூப்பிட வந்துச்சு," என்றாள். ஹாலுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டாள். "எனக்குக் கேட்டுச்சு, தம்பி. எல்லாம் கேட்டுச்சு. நடிக்கிறாருன்னு நெனச்சேன். போய் வேலையைப் பாருன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். அது போய்ப் படுத்துக்கிச்சு."

பட்டாளத்துக்காரர் பரவாயில்லை என்று சொல்லவில்லை, உங்க தப்பு இல்லை என்று சொல்லவில்லை. விரல் அந்தக் கீறல்களிலேயே இருந்தது. கதவிடம் சொல்வது போலச் சொன்னார்.

"எங்க வீட்டுல என் ரூமுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம். தூக்கத்துல ஒருநாள் பொண்டாட்டி கழுத்தைப் பிடிச்சிட்டேன். அன்னிலேர்ந்து நான் கத்தினாலும் உள்ள வரக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவ கதவுக்கு வெளிய பாயைப் போட்டுக்கிட்டுப் படுக்கிறா. இவன் வந்தா தாழ்ப்பாளைக் கழட்டிடலாம்னு இருந்தோம்."

அவள் அவரைப் பார்த்தாள். "இன்னிக்குப் பாடத்தை நான் நடத்துறேன்," என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

"கதவைச் சாத்தணுமாம்மா? பயிற்சின்னா மாஸ்டர் சாத்துவாரே."

"வேணாம். தெறந்தே இருக்கட்டும்."

மெத்தையில் மூட்டை விட்டுவைத்திருந்த ஓரத்தில் அவள் படுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் பகல் நேரத்தில் அந்தக் கட்டிலில் அவள் படுத்ததே இல்லை. கூரையில் ஒரு விரிசல் இருந்தது. அவர் தினம் பார்த்திருப்பார். கண்ணை மூடி முனகிப் பார்த்தாள். பல்வலிக்காரி முனகுவது போல இருந்தது. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. மூட்டை தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு, இது கணக்கில் சேராது என்பது போலக் கீழே போட்டுக்கொண்டது.

அப்புறம் அவள் யோசித்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா? தினம் தினம் கேட்ட சத்தம். முதலில் தொண்டைக்குள் ஒரு கரகரப்பு. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பது. பிறகு குதிகால். அவள் குதிகாலால் சட்டத்தை உதைத்தாள். ஒவ்வொன்றாக, அவர் செய்தபடியே, வரிசை மாறாமல் செய்துகொண்டே வந்தாள். நேற்று கதவு சுரண்டிய இடம் வந்தது. அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது, அதற்கு மேல் மிஷின்தான். ஆனால் சத்தம் நிற்கவில்லை. அவள் வாயிலிருந்து அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, அவள் எங்கும் கேட்டிராத ஒரு சத்தம். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.

மூட்டை எழுந்து நின்றது. மெத்தை அமுங்கியது. அது நெஞ்சுக்குக் குறுக்கே வந்து ஏறிப் படுத்தது.

இவ்வளவு கனம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இதற்கு அடியில் தினம் படுத்துவிட்டு எழுந்து வந்து அவர் டீ கேட்டிருக்கிறார்.

ஹாலில் நாற்காலி நகர்ந்தது. மகள் ஓடி வரும் காலடி. "உள்ள போகாதம்மா, நில்லு," என்று கொழுந்தனார் குரல் துரத்தியது. "அண்ணி நாயைப் பழக்குறாங்க. நடுவுல போனா கெட்டுப்போயிடும்."

"விடுங்க சித்தப்பா!"

மகள் வந்து கட்டிலோரம் மண்டியிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூட்டை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு கையைத் தூக்கி அதன் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

"வந்துட்டேன்," என்றாள்.

மூட்டை இறங்கவில்லை.

"ஒண்ணுமில்லடா மூட்டை. நான் நல்லா இருக்கேன். வந்துட்டேன்."

மூட்டை அவள் மூச்சைக் கேட்டது. பிறகு முகவாயை அவள் தோளில் வைத்து, இன்னும் கொஞ்சம் நன்றாக அழுந்திப் படுத்துக்கொண்டது. கொல்லைப் பக்கமிருந்து காற்று வந்தது. கதவு சாத்திக்கொள்ளப் பார்த்தது. பட்டாளத்துக்காரர் வாசலிலேயே தரையில் உட்கார்ந்து, அது சாத்திக்கொள்ளாதபடி காலை நீட்டி வைத்துக்கொண்டார்.